வாயைக் கட்டுவதும் வயிற்றைக் குறைப்பதும்



சில மாதங்களுக்கு முன் உட்துறைமுக வீதிப் பக்கமிருந்து ஒரு தாய் எம்மைக் காண வந்தார். பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவரல்லர். அறைவீட்டு விறாந்தையில் இருந்து கதைத்தவர். தாம் சொன்னதைப் பெயர் குறியாமல் எழுதலாமென்று அனுமதியும் தந்தவர். கொழும்புக்குச் சென்று, இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு அப்போது எட்டு மாதங்கள். நீரிழிவுக்காக ஏற்றிவந்த ஊசியை வைத்தியர் நிறுத்திவிட்டார். முழங்கால் நோவு தணிந்துவிட்டது. கோயிற் படிகளை இளைப்பின்றி ஏறுகிறார். ஆயினும் முகத்தில் மகிழ்ச்சியைக் காணவில்லை.

"சுவாமி, வாயைக் கட்டத் தெரியாதவள் வயித்தை வெட்டினாள் எண்டு சொந்தச் சனமே சொல்லுது. நான் செய்தது பாவமோ?"

"பாவமில்லை அம்மா, சமாதானமாய்ப் போங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் படலையைத் தாண்டிய பின்னரே எமக்கு அந்த விடை போதாதென்று பட்டது. ஏன் பாவமில்லை என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அந்தச் சனத்தின் ஒரே வாக்கியத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. வாயைக் கட்டவில்லை என்பது ஒன்று. வயிற்றை வெட்டினாள் என்பது மற்றையது. இரண்டையும் தனித்தனியே பார்ப்பதே நியாயம்.

தலையான பாவங்கள் ஏழில் போசனப்பிரியமும் ஒன்றென்று ஞானோபதேச வகுப்பில் படித்தோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எம் மனக்கண்ணில் தோன்றுவது பருத்த ஒரு மனிதர். ஆனால் புனித பெரிய கிரகோரியார் வகுத்து, புனித தோமஸ் அக்குவினாஸ் விளக்கிய போசனப்பிரியத்தில் ஐந்து வகைகள் உண்டு. உரிய நேரத்துக்கு முந்தி உண்பது, விலையுயர்ந்ததையே தேடி உண்பது, அளவுக்கு மிஞ்சி உண்பது, ஆவலாதியாய் உண்பது, பக்குவத்தில் மிதமிஞ்சிய கரிசனை வைத்து உண்பது என்பனவே அவை. ஐந்தில் ஒன்றுதான் அளவைப் பற்றியது. உடலின் நிறையைப் பற்றியது ஒன்றுமேயில்லை. பாரைக் குழம்பில் புளி சற்றுக் கூடியதென்று கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போகும் ஒல்லியான கணவர், இந்தப் பட்டியலில் தம் பெயர் இருப்பதை ஒருபோதும் சந்தேகித்திருக்க மாட்டார். ஆண்டவரையே போசனப்பிரியர், குடியர் என்று சிலர் தூற்றியதை மத்தேயு சுவிசேஷம் பதிவு செய்திருக்கிறது. பிறருடைய கோப்பையைப் பார்த்துத் தீர்ப்பிடும் பழக்கம் நேற்று வந்ததல்ல.

"அப்படியானாலும் மனவுறுதி இருந்தால் குறைத்திருக்கலாமே" என்பீர்கள். 1944ஆம், 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். மனச்சாட்சியின் பொருட்டுப் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர் மனமுவந்து அதில் சேர்ந்தனர். நாடே போருக்குப் போகும்போது மாட்டோம் என்று நின்றவர்கள், மனவுறுதிக்குக் குறைவில்லாதவர்கள். 24 வாரங்கள் அவர்களுக்குப் பாதியளவு உணவே கொடுக்கப்பட்டது. விரைவிலேயே உணவைத் தவிர வேறொன்றையும் நினைக்க முடியாதவர் ஆயினர். சமையற் புத்தகங்களைத் தேடி வாசித்தனர். கோப்பையை நக்கித் துடைத்தனர். சோதனை முடிந்து வேண்டியதை உண்ணலாமென்ற பின்னும் பசி அடங்காமல் சிலர் தவித்தனர். 1999இல் யப்பானிய ஆய்வாளர் கொஜிமாவும் கங்காவாவும் இரைப்பை சுரக்கும் கிரெலின் என்ற பசி ஓமோனைக் கண்டுபிடித்தனர். நிறையைக் குறைக்கக் குறைக்க இந்த ஓமோன் கூடுகிறது. உடல் தான் இழந்ததைத் திருப்பிக் கேட்கிறது. எல்லாருக்கும் பசி ஒரே குரலில் கூப்பிடுவதில்லை. மெல்லிய குரலில் கேட்பவர், உரத்த குரலில் கேட்பவருக்கு வாயைக் கட்டச் சொல்வது எளிது.

மனவுறுதிக்கு வேலையே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்பது சிறுவர் அறிந்த பாடம். காலையில் பாண், பத்து மணிக்குச் சீனி போட்ட தேத்தண்ணீரும் பணிசும், இரவில் கொத்துரொட்டி என்று இந்தத் துறைமுகப் பட்டினத்தில் நாமெல்லாரும் ஒரே மேசையில்தான் உண்கிறோம். சீனக்குடாவில் 1980 முதல் அரைபடும் கோதுமை மா எல்லார் வீட்டுக்கும் வருகிறது. ஒருவர் உடல் அதைத் தாங்குகிறது, இன்னொருவர் உடல் தாங்குவதில்லை. தாங்குகிறவருக்கு அது புண்ணியமென்று எந்த வேதசாஸ்திர நூலிலும் நாம் படிக்கவில்லை.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. இது எளிதானதல்ல. கடவுள் தந்த உறுப்பை, அதிலும் புண்ணோ புற்றோ இல்லாத உறுப்பை, வெட்டலாமா? 1953 ஒக்டோபர் 8ஆந் திகதி பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் சிறுநீரக, சலவழி வைத்திய நிபுணர்களுக்கு ஆற்றிய உரையில் இதே வினாவை எடுத்துக்கொண்டார். அவர் பேசியது பருமனைப் பற்றியல்ல. ஆனால் அவர் சொன்ன மூன்று நிபந்தனைகள் இங்கும் பொருந்தும். அந்த உறுப்பு தொடர்ந்து இயங்குவது முழு உடலுக்கும் பாரதூரமான கேட்டை விளைவிக்க வேண்டும். அந்தக் கேட்டை வேறு வழியால் நீக்கவோ போதியளவு குறைக்கவோ முடியாதிருக்க வேண்டும். இழப்பிலும் பார்க்க நன்மை மேலோங்குமென்று நியாயமாக எதிர்பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

முதலாவது நிபந்தனையில் அந்தத் தாயின் நிலை தெளிவு. இரண்டாவது, ஆளுக்கு ஆள் மாறும். இப்போது பசியைத் தணிக்கும் ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. ஆனால் விலை அதிகம், நிறுத்தினால் பெரும்பாலும் நிறை திரும்புகிறது. சத்திரசிகிச்சையிலும் ஆபத்து இல்லாமலில்லை. 2024இல் சென்னையருகே ஓர் இளைஞர் இதற்கெனப் போய் உயிரிழந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அழகுக்காகவோ கலியாணப் பேச்சுக்காகவோ இதை நாடுவோர் இந்த இரண்டாம் நிபந்தனையில் நின்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைதான் எம்மை அதிகம் சிந்திக்க வைத்தது. நன்மை மேலோங்குமா என்பதைக் கத்தி தீர்மானிப்பதில்லை. 1966இல் அமெரிக்காவின் ஐயோவாவில் மேசன், இத்தோ என்ற வைத்தியர்கள் இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் முறையைத் தொடங்கினர். புண்ணுக்காக இரைப்பையின் பகுதியை இழந்தவர்கள் மெலிந்துபோவதைக் கண்டதே அதற்கு வழிகாட்டியது. இந்தத் தாய்க்குச் செய்யப்பட்டது இன்னொரு முறை: இரைப்பையின் முக்காற் பங்கு அளவில் அகற்றி, எஞ்சியதை ஒரு வாழைப்பழத்தின் வடிவில் குழாயாக்கி விடுவது. எந்த முறையானாலும் வைத்தியரின் வேலை சில மணித்தியாலம். மிச்ச ஆயுள் முழுவதும் நோயாளியின் கையிலும் அவருக்குச் சமைப்பவரின் கையிலும் இருக்கிறது. வெட்டியதை நியாயப்படுத்துவது பின்னர் உண்ணும் முறையே என்றாகிறது. நேற்றுவரை உண்ணாதிருப்பதே அவர் கடமையென்று எல்லாரும் சொன்னார்கள். இன்று உண்பது அவர் கடமை.

எப்படி உண்பது? முதற் சில வாரம் நீராகாரம், பின் மசித்தது, பின் மெதுவானது. அதன்பின் எங்கள் சாப்பாட்டு முறையையே தலைகீழாக்க வேண்டும். நாம் சோற்றை மலையாகக் குவித்து ஓரத்தில் ஒரு துண்டு மீன் வைப்பவர்கள். அவருக்கு மீன்தான் சாப்பாடு, பிறகு மரக்கறி, இடமிருந்தால் இரண்டு கரண்டி சோறு. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டுமென்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவில் உண்டு; பருப்பும் தயிரும் பயறும் மிச்சத்தை நிரப்பலாம். ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று ஆறுதலாக விழுங்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கலாகாது. அரை மணி கழித்துச் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். தொதலும் டின்பாலும் ஐஸ்கிறீமும் சிறிய இரைப்பையிலும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். குறைந்த நிறை இரண்டு மூன்று ஆண்டில் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு வழி. குடலை இணைக்கும் முறையைச் செய்தவர்களுக்குச் சீனி நெஞ்சிடிப்பையும் வியர்வையையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கக் கூடும். அவர்களில் மதுபானம் மிக விரைவாக இரத்தத்தில் ஏறும். இரண்டாம் ஆண்டளவில் சிலர் குடிக்கு அடிமையாவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. கள்ளும் சாராயமும் மலிந்த ஊரில் இதை மறைத்துப் பேசலாகாது. இளம் மனைவியர் ஓராண்டு, ஒன்றரையாண்டு கழித்தே கருத்தரிக்க வேண்டுமென்பதும் வைத்தியர் ஆலோசனை.

உயிர்ச்சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதற்கும் உரியவை. இரும்பு, கல்சியம், பி12, டி எதையும் விடலாகாது. ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். 2022இல் மருந்துக்காகக் கடை கடையாய் அலைந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படியொரு காலம் திரும்பினால் இந்த மாத்திரைக்கு வழியென்ன என்று குடும்பம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் நாட்கணக்கில் சத்தி எடுத்தால் வீட்டிலிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பி1 உயிர்ச்சத்து குறைந்து பெரிபெரி நோய் வரலாம்; மூளையையும் பாதிக்கலாம். பெரிபெரி என்ற பெயரே, முடியாது என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்ததென்பர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தீவில் இருந்த பிரித்தானியப் படை வைத்தியர்கள் அந்நோயைப் பற்றி எழுதி வைத்தார்கள். போதிய உணவு வகையில்லாத சிப்பாய்க்கு வந்த நோய், உணவு நிறைந்த வீட்டில் இருப்பவருக்கும் வரக்கூடும் என்பது விசித்திரம்.

இவ்வளவையும் அந்தத் தாய் எம்மைவிட நன்றாக அறிந்திருந்தார். அவர் தோற்றது வேறிடத்தில். கலியாணவீட்டிலும் திருநாள் விருந்திலும் முப்பத்தோராம் நாளிலும் "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கோ" என்று கரண்டியோடு நிற்பவர்களிடம் தோற்றார். மறுத்தால் பெருமைக்காரி, உண்டால் பின்வளவில் சத்தி. எங்கள் ஊரில் அன்புக்கு இரண்டாம் முறை சோறு போடுவதைவிட வேறு பாஷை குறைவு. நாமும் பங்கு விருந்துகளில் அப்படி வற்புறுத்தியவர்தான். நல்ல உபசாரம் என்றே நினைத்தோம். யாயீரின் மகளை எழுப்பிய ஆண்டவர், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி பெற்றோரிடம் சொன்னதாக மாற்கு எழுதுகிறார். சுகமானவருக்கு ஊட்டுவது வீட்டாரின் பங்கு. ஆனால் அவளுக்கு வேண்டியதைக் கொடுக்கவே சொன்னார். வற்புறுத்துவதற்கு நாம் அங்கே ஆதாரம் தேட முடியாது. விருந்துக்கு அழைக்கும்போதே "உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளும்?" என்று கேட்டு, ஒரு சிறு தட்டில் முள் நீக்கிய மீனை வைத்துவிட்டுப் பேசாமலிருப்பதும் உபசாரந்தான். மெதுவாக உண்பவருக்காக மேசையில் காத்திருப்பதும் அப்படியே.

மாசி மாதம் அவர் மறுபடி வந்தார். விபூதிப் புதனுக்கு ஒருசந்தி இருக்கலாமோ என்று கேட்டார். இம்முறை சற்று நிதானமாகவே விடை சொன்னோம். ஒருசந்திக் கட்டளை 18 வயது நிறைந்தவரிலிருந்து 60ஆம் வயது தொடங்கும் வரையுள்ளவரைக் கட்டுப்படுத்தும், நோயாளரைக் கட்டுப்படுத்தாது. ஒருசந்தி நாளில் அனுமதிக்கப்பட்ட ஒரு முழுச் சாப்பாட்டை அவரால் உண்ணவே முடியாது; ஒருவேளையை விட்டால் புரதம் விட்டுப்போகும். ஆகவே மற்ற நாட்களைப் போல் நேரத்துக்கு உண்ணும்படி சொன்னோம். தவக்கால வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தில் அவருக்குச் சிக்கலேயில்லை. மாமிசத்தை விட்டு மீனை உண்ணச் சொல்லி இந்தக் கரையில் யாருக்கும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.