சான்று கேட்க வேண்டிய இடம்

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் வேலை தேடித் தமிழகத்திலிருந்து வந்தவர்கள், தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் வழியெங்கும் ஆட்களைக் கொண்டுபோயின. பிழைத்து வந்தவர்கள் தோட்டந்தோறும் மாரியம்மனைக் கும்பிட்டார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு இன்றும் ஐந்து தேர்கள் வீதி வருகின்றன.

அம்மன் இருக்கிறாள் என்பதற்கு என்ன சான்று என்று இந்த மக்களைக் கேட்கலாமா? கேட்டே ஆக வேண்டும் என்பார் ஆங்கிலேயக் கணித அறிஞர் கிளிஃபர்ட். சான்று போதாத நம்பிக்கை எதுவானாலும் குற்றம் என்று 1877இல் அவர் எழுதினார். பழுதான கப்பல் எப்படியும் தாங்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு ஆட்களை ஏற்றி அனுப்பும் முதலாளி அவர் காட்டும் உதாரணம். கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்தாலும் அவன் குற்றவாளிதான் என்கிறார். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அதன் வலுவெல்லாம் கப்பலில் ஏறிய பிறரிடமிருந்து வருகிறது. காட்டு வழியில் அம்மன் பெயரைச் சொல்லி அடுத்த அடியை எடுத்து வைத்தவர் யாரையும் பழுதான கப்பலில் ஏற்றவில்லை. கையில் வேறெதுவும் இல்லாதவர் பற்றிக்கொண்ட துணை அது. ஆய்வுகூடச் சான்று வரும்வரை காத்திரு என்று அவரிடம் சொல்வதில் அறிவும் இல்லை, அறமும் இல்லை.

அந்த நம்பிக்கை வெறும் நோய் விளக்கமாக இருந்திருந்தால், பெரியம்மை ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்த பிறகு கோயில் வெறிச்சோடியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 1983 ஜூலை வன்செயலில் கோயில் தீக்கிரையானபோதும் மக்கள் அதை மீண்டும் எழுப்பினார்கள். 1948இல் குடியுரிமையே பறிக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு, இது எங்கள் ஊர் என்று சொல்லி ஊர்வலம் போக அந்தத் தேர் வேண்டியிருந்தது.

ஆனால் அதே அம்மனுக்குக் கோபம் வரும் என்று பிள்ளைக்கு அம்மை குத்த மறுத்தவர்களும் தென்னாசியாவில் பல இடங்களில் இருந்தார்கள். அங்கே கப்பலில் ஏறியது பிள்ளை. எந்த நம்பிக்கையும் தனியொருவரோடு நிற்பதில்லை என்று கிளிஃபர்ட் எச்சரித்தது இதைத்தான். 2020 டிசம்பரில், காளி அருளியதாகச் சொல்லப்பட்ட கொவிட் பாணிக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். சுகாதார அமைச்சரே அதைக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கும் தொற்று உறுதியானது. காளியைக் கும்பிடச் சான்று வேண்டாம். இந்தப் பாணி நோயைத் தடுக்கும் என்று ஊருக்குச் சொல்லச் சான்று வேண்டும். சொன்னவர் அமைச்சரானால் பொறுப்பு இன்னும் கூடும்.

மரபென்றோ, நூலில் உள்ளதென்றோ, குரு சொன்னாரென்றோ ஒன்றை ஏற்காதே, அது தீமை தருகிறதா நன்மை தருகிறதா என்று பார் என்பது காலாமர் குலத்தாருக்குப் புத்தர் சொன்ன அறிவுரையின் சாரம். அந்த அறிவுரையைக் கொண்ட திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளை நகருக்கு அருகிலுள்ள அலுவிகாரையில்தான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு.

ஆனால் இதே மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளையில், 2012 ஏப்ரலில், பிக்குமார் முன்னே நிற்க ஒரு கூட்டம் பள்ளிவாசலை அகற்றக் கோரிப் புகுந்தது. புனித பூமியில் அது இருக்கக் கூடாது என்றார்கள். மறு ஆண்டு அங்கே காளி கோயிலும் இடிக்கப்பட்டது. தம்புள்ளைக் குகைகள் புனிதமானவை என்று நம்ப ஒரு பௌத்தருக்கு எந்தச் சான்றும் தேவையில்லை. அதைக் கேட்பவர்தான் வரம்பு மீறுகிறார். அந்தப் புனிதத்தைக் காட்டி அடுத்தவர் தொழுமிடத்தை அகற்றச் சொல்லும்போது உறுதிப் பத்திரம், நில அளவை, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் வேண்டும். அவற்றைக் கேட்கும் உரிமை அங்கே தொழுதுவந்தவர்களுக்கு உண்டு; கேட்டு வாங்கித் தரும் கடமை அரசுக்கு இருந்தது.