சங்கு ஊதியதும் எழுந்த கால்கள்

முப்பது வருஷம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்த்த கால்கள் அவை. ரோலிங் மில்லில் அனலுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்றவை. மாற்று ஆள் வராத நாளில் பதினாறு மணி நேரமும் நின்றிருக்கின்றன. 58 முடிந்த மறுநாள் காலை அதே கால்கள் டிவிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போய் மடங்கின. இன்னும் எழவில்லை. உங்களைத்தான் கேட்கிறேன் அண்ணே! கம்பெனி உங்களுக்கு ஓய்வு கொடுத்தது, சரி. கால்களுக்கும் சேர்த்து ஓய்வு கொடுக்கச் சொன்னது யார்?

செட்டில்மென்ட் பணம் வந்ததும் முதல் வேலையாக மாடியில் ரூம் போட்டீர்கள். தப்பில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வரும் பையன்கள் தங்க இடம் வேண்டும். பி.எஃப். ஆபீஸ் தரும் இ.பி.எஸ். பென்ஷனை மட்டும் நம்பிக் குடும்பம் ஓடாது. 2014-ல் அதற்குக் குறைந்தபட்சம் என்று வைத்ததே மாதம் 1,000 ரூபாய்தான். ஆனால் அந்த வீட்டில் உங்கள் பங்கு என்ன? காற்று வரும், தெருவைப் பார்த்த அறை வாடகைக்குப் போயிற்று. சந்துப் பக்கம் பார்த்த பின்னறை உங்களுக்கு. ராத்திரி பாத்ரூம் போக இருட்டில் ஒரு படி இறங்க வேண்டும். தரையில் ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட வழவழ டைல்ஸ். ஒருநாள் ஈரத்தில் கால் வழுக்கியது. விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டீர்கள். அன்றைக்குப் பிடித்தது பயம்.

அந்தப் பயத்தைத்தான் முதலில் வீட்டை விட்டுத் துரத்த வேண்டும். விழுந்துவிடுவோமோ என்று நடக்காமல் இருந்தால் தொடைச் சதை வற்றும். சதை வற்றினால் நிற்கும்போதே தள்ளாடும். தள்ளாடுகிறவர்தான் விழுகிறார். எதற்குப் பயந்து உட்கார்ந்தீர்களோ, உட்கார்ந்தே அதை வரவழைக்கிறீர்கள்!

பழைய ஊர் வீட்டை நினைத்துப் பாருங்கள். தண்ணீருக்குக் கிணற்றடி, நெல் காயப்போட முற்றம், பேச்சுத் துணைக்குத் திண்ணை. பாட்டி எந்த உடற்பயிற்சியும் செய்ததில்லை. வீடு அவளை உட்காரவே விடவில்லை. (அந்த வீட்டில் கக்கூஸ் இல்லாமல் அவள் இருட்டில் பட்ட பாடும் எனக்குத் தெரியும். அந்த வீடே திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை.) கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் தன் இரண்டரை ஏக்கரில் இறங்கி வேலை பார்த்தார். 2021-ல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. அவருக்கு நிலம் இருந்தது, நமக்கு எங்கே என்கிறீர்களா? மொட்டை மாடி இருக்கிறதே! நாலு சாக்கில் மண்ணை நிரப்பிக் கத்தரி போடுங்கள். தண்ணீர் ஊற்றவாவது தினம் இரண்டு தடவை படி ஏறுவீர்கள்.

ஏறுவதற்கு முன்னால் அந்தப் படியைப் பாருங்கள். கம்பெனியில் கைப்பிடி இல்லாத மேடையில் ஏறுவீர்களா? ஏறுகிற ஜூனியரைத் திட்டித் தீர்த்தவர் நீங்கள். படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அழிந்தால், தரையில் எண்ணெய் சிந்தினால், லைட் எரியாவிட்டால் சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனவர். அந்தச் சேஃப்டி எல்லாம் கேட்டோடு நின்றுவிட்டதா? பாத்ரூமில் கைப்பிடி வைத்தால் கிழவன் என்பார்களாம்! ஃபர்னஸ் மேடைக்குக் கைப்பிடியைப் பிடித்து ஏறியபோது உங்களை யார் கிழவன் என்றார்கள்?

65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், மூன்று நாளாவது தள்ளாடாமல் நிற்கப் பழக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. கேன்டீன் டீக்கு ஆகிற நேரம்! கன்டெய்னர் லாரி பறக்கும் ஹைவேயில் போய் நடக்க வேண்டாம், உங்கள் தெரு போதும். படுக்கையை விட்டே எழ முடியாதவர் வீட்டில் இருந்தால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது, கேட்டு வாங்குங்கள்.

வாடகைக்காரர் காலி செய்யும்போது தெருவைப் பார்த்த அறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் ரூபாய் வாடகை குறையட்டும். இப்போது கையூன்றாமல் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு கைப்பிடியும் இரண்டு பல்பும் வாங்கி வாருங்கள். பைக் சாவி ஆணியிலேயே தொங்கட்டும்.