பழம்பகையும் பாசமும்



உயிர் ஒவ்வொன்றும் தான் ஈட்டிய வினையின் பயனைத் தானே நுகரும் என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. ஒருவன் உண்ண மற்றொருவன் பசி தீர்தல் இல்லையாதல் போல, ஒருவன் செய்த கன்மம் பிறனொருவனைச் சென்று பற்றுதலும் இல்லை. உண்மை இவ்வாறாகவும், "எம் நாடு பட்ட துன்பம்" என்றும், "எம் முன்னோர்க்கு இழைத்த கொடுமை" என்றும் கூறிக்கொண்டு, தாம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன் நிகழ்ந்த ஒன்றின் பொருட்டு இன்று படைக்கலம் எடுப்பார் உலகில் பலர் உளர். அவர் சுமப்பது யாது? நாட்டிற்கும் கன்மம் உண்டோ? உண்டெனின் அதனை நுகரும் உயிர் எது? இவ்வினா மடங்களின் நூலாராய்ச்சிக்கு அயலானதென்று தள்ளத்தக்கதன்று. ஆணவத்தின் இயல்பை அறிய விரும்புவார்க்கு இதனினும் தெளிந்த காட்சி கிடைத்தல் அரிது.

பொதுப்படக் கூறின் பொருள் வழுவிப் போகுமாதலின், ஒரு நாட்டின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் தென்கிழக்கில் வாழும் செர்பியர் கொசோவோ என்னும் வெளியைத் தம் இனத்தின் இரத்தம் சிந்திய புண்ணிய நிலமாகக் கருதுவர். அங்கே 1389ஆம் ஆண்டு, இக்காலக் கணக்கில் ஜூன் 28ஆம் நாள், செர்பியக் கோமகன் லாசரும் துருக்கச் சுல்தான் முதலாம் முராதும் பொருதனர். இருவரும் அந்நாளிலேயே மாண்டனர். வென்றவர் யாரென்பதில் வரலாற்றாசிரியர் ஒருமித்திலர். செர்பியர் அரசு அன்றே அழிந்ததும் இல்லை. துருக்கர்க்குத் திறைசெலுத்தி நின்று, 1459இல் ஸ்மெடெரெவோக் கோட்டை வீழ்ந்தபோதே அது முடிந்தது.

இனி, அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டிய செய்தியொன்று உளது. லாசர் மாண்ட பின் அவர் மகள் ஒலிவேராவை முராதின் மகன் பாயசித் மணந்தான். லாசரின் மகன் ஸ்டெபான் 1396இல் நிக்கோபோலிஸ் போரிலும், 1402இல் தைமூருக்கு எதிராக நிகழ்ந்த அங்காராப் போரிலும் அப்பாயசித்தின் பக்கம் நின்றே பொருதான். தந்தையை இழந்த மைந்தன், அத்தந்தையின் பகைவனது மைந்தனுக்குத் துணையாயினான். அரசியற் கட்டாயத்தால் என்று கொள்ளினும் கொள்க. போரினை நேரே அறிந்த தலைமுறை அவ்வாறு நடந்துகொண்டது. அறியாத தலைமுறைகளோ அதனைப் பாடலிற் கேட்டுக் கேட்டு, லாசர் மண்ணரசை விடுத்து விண்ணரசைத் தெரிந்துகொண்டார் என்றும், வஞ்சகத்தால் தோற்றோம் என்றும் நெஞ்சிற் பதித்துக்கொண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வூக் கரஜிச் என்னும் அறிஞர் அப்பாடல்களைத் தொகுத்து அச்சேற்றினார். புண் ஆறுவதற்கு மாறாக, ஆண்டுகள் செல்லச்செல்ல அகன்றது.

ஜூன் 28 என்னும் அந்நாள் பின்னர்ப் பட்ட பாட்டினைப் பாருங்கள். 1914இல் அதே நாளில் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் கவ்ரிலோ பிரின்சிப் என்னும் போஸ்னியச் செர்பிய இளைஞன் சுட்டுக் கொன்றான். அதனின்று முதல் உலகப்போர் மூண்டது. 1989இல், போரின் அறுநூறாம் ஆண்டு நிறைவில், செர்பியத் தலைவர் ஸ்லோபோடான் மிலோசெவிச் அவ்வெளியிலேயே பெருங்கூட்டத்தின் முன் நின்று, இன்றும் போர்களினிடையே நிற்கின்றோம், ஆயுதப்போர் இன்னும் இல்லை, ஆயினும் அதுவும் வாராதென்று சொல்லற்கில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். அவ்விழாவினை ஒட்டி லாசரின் என்புகளைப் பேழையில் வைத்து ஊர்தோறும் கொண்டுசென்றனர். இரண்டாண்டு கழியுமுன் யூகோஸ்லாவியா உடைந்து போர் வந்தது. 1995 ஜூலை 11ஆம் நாள் போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா என்னும் ஊரைக் கைப்பற்றிய படைத்தலைவன் ராட்கோ ம்லாடிச், படக்கருவியின் முன் நின்று, 1804இல் தொடங்கிய பழைய கிளர்ச்சியொன்றை நினைவூட்டி, துருக்கரைப் பழிவாங்கும் காலம் வந்ததென்றான். அடுத்த சில நாட்களில் அங்கே கொல்லப்பட்ட ஆடவரும் சிறுவரும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவர்.

கொல்லப்பட்ட அவர்கள் துருக்கரா? அல்லர். கொன்றவர் பேசிய மொழியையே பேசிய போஸ்னிய முஸ்லிம்கள். 1389இல் போஸ்னிய அரசன் த்வர்த்கோ அனுப்பிய படை லாசரின் பக்கமே நின்றது. எனவே, எவரைக் கொன்று லாசருக்காகப் பழிதீர்த்தனரோ, அவர்தம் முன்னோர் லாசருக்காகவே களத்தில் நின்றிருத்தலும் கூடும்.

செர்பியர் துன்பமே படாதவர் என்று யாம் சொல்ல வரவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது குரோவாசிய உஸ்தாசாக் கட்சியார் யசெனோவாட்ஸ் என்னுமிடத்தில் அமைத்த கொலைமுகாமில் செர்பியரும் யூதரும் ரோமா மக்களும் மாய்க்கப்பட்டனர். அங்குள்ள நினைவகத்தார் திரட்டிய பட்டியலில் மட்டும் 83,000க்கு மேற்பட்டோர் பெயர் உளது. அத்துன்பம் மெய். அதனைப் பட்டவரும் அவர் பிள்ளைகளும் 1990இல் உயிரோடிருந்தனர். மெய்யான துன்பத்தோடு பாட்டின் துன்பத்தைப் பிசைந்து, இரண்டினையும் ஒன்றெனக் காட்டியதே தலைவர்கள் செய்த கேடு.

இனிச் சித்தாந்தத்தின்படி ஆராய்வோம். நாடு என்பது தனு கரண புவன போகங்களுள் புவனத்தின்பாற் படும்; மாயையின் காரியம்; உயிர் வந்து தங்கிச் செல்லும் இடம். அதற்கு அறிவு இச்சை செயல்கள் இல்லை. ஆதலின் வினையும் இல்லை, வினைப்பயனும் இல்லை. "நாட்டின் கன்மம்" என்பது உபசார வழக்கேயாம். அற்றேல், நாட்டார் பலரும் ஒரே வெறுப்பினை உடையராதல் யாங்ஙனம் எனின், உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்புடையதாகலின் என்க. குழந்தை தாலாட்டிலும் பாடத்திலும் திருவிழாவிலும் எதனைச் சார்கின்றதோ அதன் நிறத்தைக் கொள்கின்றது. அந்நிறம் அதன் இயல்பன்று. படிகத்தில் தோன்றும் செம்மை போல்வது.

இங்ஙனம் வந்த வெறுப்பினை உள்ளிருந்து பற்றிக்கொள்வது ஆணவம். "யான், எனது" என்பதனைக் குற்றமென்று கண்ட நாம், "யாம், எமது" என்பதனைக் குற்றமென்று காண்பதில்லை. பன்மையாக்கியதனால் செருக்கு குறைந்துவிட்டதென்று மயங்குகின்றோம். (இதனை எழுதுகின்ற யாமும் பன்மையிலேயே பேசுகின்றோம், அது நடைமரபு பற்றியது, அன்பர்கள் பொறுப்பார்களாக.) செல்வத்தைப் பற்றிச் செருக்குதல் எல்லார்க்கும் தெரிந்த நோய். துன்பத்தைப் பற்றிச் செருக்குதலோ மிக நுண்ணியது. எம் துன்பத்துக்கு நிகர் பிறர் துன்பம் இல்லை என்றும், யாம் துன்புற்றமையின் எம் கை செய்வது குற்றமாகாது என்றும் அது கூறும். வறியவனிடத்தும், தோற்றவனிடத்தும், அழுகின்றவனிடத்தும் ஆணவம் குடியிருத்தற்கு வழி இதுவே.

மேலும், மறுபிறப்பினை உடன்படுகின்ற நமக்கு ஒரு வினா எளிதில் எழும். 1389இல் நிகழ்ந்ததனை இன்றுள்ளான் ஒருவன் நுகர்ந்திருப்பானாயின், முற்பிறவியிலேயே நுகர்ந்திருத்தல் வேண்டும். அப்பிறவியில் அவன் லாசரின் படையில் நின்றானோ, முராதின் படையில் நின்றானோ, யார் அறிவார்? உயிருக்குச் செர்பியன், துருக்கன் என்னும் சாதி இல்லை. உடம்பு மாறுந்தோறும் ஊரும் மொழியும் குலமும் மாறும். எனவே தன் பகைவன் என்று ஒருவன் குறிவைப்பது, தான் முன்பு அணிந்திருந்த சட்டையையே எனினும் தவறாகாது. பழங்கடனைத் தீர்ப்பதாக எண்ணி அவன் செய்வது முழுவதும் புதிய கடன். பிராரத்தம் என்று அவன் நினைப்பது ஆகாமியமாய் ஏறுகின்றது.

ஈண்டு நம்மவர் சிலர் கூறும் கொடிய சொல்லொன்றினையும் மறுத்தல் நமது கடன். "ஸ்ரெப்ரெனிட்சாவில் மாண்டோர் தம் வினைப்பயனை நுகர்ந்தனர், அதற்கு யாம் என் செய்வது?" என்பர். இது கன்மக் கொள்கையை அறியாதார் கூற்று. ஒருவன் தனக்கு வந்த துன்பத்தில் இறைவனை நோவாது அமைதற்கும், தான் மேலும் தீவினை செய்யாமைக்கும் கூறப்பட்டது அக்கொள்கை. பிறர் துன்பத்தைக் கண்டு கைகட்டி நிற்றற்கு அன்று. பிறன் வினையின் அளவினை அறிபவன் முற்றறிவுடைய முதல்வன் ஒருவனே; நமக்கு அக்கணக்கு ஏடு காட்டப்படவில்லை. கொல்லப்பட்டவன் எதனை நுகர்ந்தான் என்பதனை நாம் அறியோம். கொன்றவன் எதனை ஈட்டினான் என்பதனை அறிவோம். அறிந்ததனை விட்டு அறியாததனைப் பேசுதல் முறையன்று.

அங்ஙனமாயின் நடந்தவற்றை மறந்துவிடலாமோ எனின், அதுவும் கூடாது. மறைத்த புண் உள்ளே புரையோடும். யசெனோவாட்ஸின் துயரம் நெடுங்காலம் வெளிப்பட ஆராயப்படாமையே 1980களில் அதனைத் தீயோர் கையில் கருவியாக்கிற்று. வேண்டுவது நீதி. நீதியேனும் இனத்தின் மீதன்று, செய்தவன் மீது. 1993இல் ஐக்கிய நாடுகள் அவை யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை ஆராய ஹேக் நகருக்கு ஒரு நீதிமன்றம் அமைத்தது. அது குற்றஞ்சாட்டிய 161 பேரும் தனித்தனி மனிதர். செர்பிய இனத்தின் மீதோ குரோவாசிய இனத்தின் மீதோ குற்றப்பத்திரம் வரையப்படவில்லை. ஸ்ரெப்ரெனிட்சாவில் நிகழ்ந்தது இனப்படுகொலை என்று அது தீர்த்தது. ம்லாடிச்சுக்கு 2017இல் ஆயுட்சிறை விதிக்கப்பட்டு, 2021இல் மேன்முறையீட்டிலும் உறுதியாயிற்று. மிலோசெவிச் அந்நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டது 2001 ஜூன் 28ஆம் நாள். தீர்ப்புக்கு முன் 2006இல் காவலிலேயே இறந்தார். நீதிமன்றத்தின் குறைகளைக் கூறுவார் உளர், அவர் கூறுவதும் முழுதும் பொய்யன்று. ஆயினும் வினை செய்தவனுக்கே உரித்து என்னும் நம் கொள்கைக்கு, இனத்தின் மேல் பழிவாங்குதலினும் அது நெடிது நெருங்கியது. இறைவன் ஒறுப்பதும் மறக்கருணையே என்று கூறும் சைவர், ஒறுத்தல் வேறு பழிவாங்கல் வேறு என்பதனை எளிதின் உணர்வர்.

நாடுகள் இச்சுழலினின்று மீளுதல் கூடாததோ எனின், கூடும். 1871இல் வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மானியர் தம் பேரரசினை அறிவித்துப் பிரெஞ்சுக்காரரை இழிவுபடுத்தினர். 1919இல் அதே மண்டபத்தில் ஜெர்மானியரைக் கையெழுத்திடச் செய்தனர். 1918இல் ஜெர்மனி பணிந்த இரயில் வண்டிப் பெட்டியைக் காட்சிச்சாலையிலிருந்து வெளியே இழுத்து, அதே காட்டில் நிறுத்தி, 1940இல் ஹிட்லர் பிரான்சைப் பணியவைத்தான். பெட்டியின் மரத்துக்கும் இரும்புக்கும் என்ன பகை? இத்தகைய இரு நாடுகள் 1963இல் நட்புடன்படிக்கை செய்தன. 1984இல் இரு தலைவர்களும் வெர்டனில் மாண்டோர் முன் கைகோத்து நின்றனர். 2006இல் இருநாட்டு மாணவர்க்கும் ஒரே வரலாற்றுப் பாடநூல் வெளிவந்தது. வெர்டனுக்கு அருகே துவோமோன் என்னுமிடத்தில் பெயரறியப்படாத 1,30,000 வீரரின் என்புகள், இவை பிரெஞ்சு, இவை ஜெர்மன் என்று பிரிக்கப்படாமல் ஒரே மாளிகையில் கிடக்கின்றன. லாசரின் என்புகள் ஊர்வலம் சென்றதனோடு இதனை வைத்து எண்ணுக.

நம் மரபில் இதற்கு இலக்கியம் திருக்கோவலூரிலே உளது. மெய்ப்பொருள் நாயனாரிடம் பலமுறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசி, ஏட்டுக் கவளியில் வாளை மறைத்துப் புகுந்து, தரையில் வணங்கிய அரசரைக் குத்தினான். வாளோங்கிய தத்தனைத் தடுத்து, இவர் நம்மவர், இடையூறின்றிக் கொண்டுசென்று விடுக என்று பணித்தார் அரசர். ஊரெல்லாம் திரண்டு கொலைஞனைக் கொல்ல வளைந்தது. தத்தன் அரசர் ஆணையைக் கூறி ஒவ்வொரு கூட்டத்தையும் விலக்கி, நகர் கடந்து அவனை விட்டு மீண்டான். அச்செய்தி கேட்கும் வரை உயிர் தாங்கியிருந்த நாயனார், தமக்குப் பின் அரசாள்வார்க்கும் சுற்றத்தார்க்கும் திருநீற்றன்பினைக் காக்குமாறு கூறி இறைவனடி சேர்ந்தார். முத்தநாதன் நாட்டின்மேல் படையெடுக்குமாறு ஒரு சொல்லும் கூறிலர். அவர் வேண்டியிருப்பின் அப்படுகொலை எத்தனை தலைமுறைக்குப் போர்முரசாய் ஒலித்திருக்கும்!

அவர் பொறுத்தது வேடத்தின்பாற் கொண்ட அன்பினாலன்றோ, பகைவன்பாற் கொண்ட அருளினாலா எனின், வேடத்தினாலேதான். ஆயினும் அவ்வேடம் அவருக்குக் காட்டியது, எதிரே நிற்பவனும் சிவனுக்கு உரியவன் என்பதனை. உயிர்கள் யாவும் அறிந்தும் அறியாதும் அப்பதிக்கு அடிமையாதலைச் சித்தாந்தம் கூறுமன்றோ? நீறில்லாத நெற்றியிலும் அவ்வுடைமை அழிந்துபோவதில்லை. நம் கண்ணுக்குத் தோன்றவில்லை, அவ்வளவே.

நாயனாரின் குருபூசை கார்த்திகை உத்திரத்தன்று நம் மடங்களிலும் கோயில்களிலும் நடைபெறுகின்றது. அன்று பேசுவோர் பெரும்பாலும் வேடத்தின் பெருமையோடு நிறுத்திவிடுகின்றனர். தத்தன் வாளை உறையிலிட்டு, கொதித்த கூட்டத்தினிடையே கொலைஞனை நடத்திச் சென்ற அந்த வழியை விரித்துரைப்பார் சிலரே. இவ்வாண்டு அதனையும், அரசர் தம் பின்னோர்க்கு விட்டுச்சென்ற சொல்லையும் எடுத்துரைக்குமாறு வேண்டுகின்றோம். கேட்போர் இளைஞராயின் கொசோவோவின் வரலாற்றையும் உடன் கூறலாம்.