உங்கள் வீட்டுப் பெட்டிக்கு நீங்களே எஜமான்!

"கேபிள்காரர் வரட்டும்."

சின்ன காஞ்சிபுரத்தில் தெருவுக்குத் தெரு கேட்கிற வாக்கியம் இது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா? கேபிள்காரர் வரட்டும். புது முந்தி டிசைனின் படம் வாட்ஸ்அப்பில் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? கேபிள்காரர் வரட்டும். வைஃபை பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? அதற்கும் அவர்தான் வர வேண்டும்! பாவம் அந்த மனிதர், பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு ஏகாம்பரநாதர் கோயில் பக்கத்திலிருந்து வரதராஜப் பெருமாள் சந்நிதி வரைக்கும் நாளெல்லாம் ஓடுகிறார். அவர் வரும்வரை வீடே அந்த வெள்ளைப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. சூடம் ஏற்றாததுதான் குறை.

யார் சொன்னது, உங்களால் முடியாது என்று?

வேறு ஊர்க்காரர் "எனக்கு டெக்னிக்கல் விஷயமெல்லாம் வராது" என்றால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். காஞ்சிபுரத்துக்காரர் சொன்னால் கோபம் வருகிறது. தறியின் தலைக்கு மேலே இருக்கிற ஜக்காடு பெட்டியை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். துளை போட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி தூக்கும், பாவு இழை எழும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். உண்டு, இல்லை, உண்டு, இல்லை. இந்த இரண்டே சொல்லில் மயிலும் யாளியும் ருத்ராட்சமும் பட்டில் இறங்குகின்றன. உங்கள் மோடத்துக்குள் ஓடுகிற மொழியும் அதே உண்டு, இல்லைதான். பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு இந்த எந்திரத்தை உருவாக்கியது 1804 வாக்கில். அதன் துளை அட்டையைத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்காக எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரின் தாத்தாவைத் தலைமேல் வைத்துக்கொண்டு மூன்று நாடாவில் கோர்வை போடுகிற குடும்பத்துக்கு, நாலு விளக்கு எரிகிற பெட்டி எம்மாத்திரம்?

எழுந்திருங்கள். பெட்டியைக் கையில் எடுங்கள். அது கடிக்காது.

அதற்குள் வருகிற இணையம் இந்த நாட்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது டெலிபோன் லைனிலேயே கீச்கீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. நெட் ஓடினால் போன் பேச முடியாது. 2005இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்டு வந்து அந்தச் சண்டையைத் தீர்த்தது. சென்னை போன்ற நகரங்களில் டிவி கேபிளிலேயே இணையம் கொடுத்த கேபிள் மோடமும் இருந்தது. இப்போது எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு வீட்டு வாசலுக்கு ஃபைபர் வந்துவிட்டது. பல ஊர்களில் நேற்று டிவி இணைப்பு கொடுத்தவரே இன்று ஃபைபரும் இழுக்கிறார். அதனால்தான் பெட்டி மாறியும் கேபிள்காரர் என்ற பெயர் மாறவில்லை.

பெட்டியின் பின்பக்கம், பெரும்பாலும் பச்சைத் தலை வைத்த, ஒரு மெல்லிய வயர் சொருகியிருக்கும். அதற்குள் இருப்பது கண்ணாடி இழை. உறை நீக்கினால் அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்கும் நடுவே வெளிச்சம் ஓடுகிற பாதை வெறும் 9 மைக்ரான். அதில் மின்சாரம் இல்லை, வெளிச்சம் மட்டும்தான். ஆகவே ஷாக் அடிக்குமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் கண்ணைப் பதம் பார்க்கக்கூடியது. வயரை ஆணியில் மடக்கிக் கட்டினாலும் வெளிச்சம் வளைவில் கசிந்துவிடும். மிச்ச வயரை உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகச் சுற்றித் தொங்க விடுங்கள், போதும்.

இனி விளக்குகள். 'பவர்' எல்லாருக்கும் தெரியும். 'பான்' என்று ஒன்று: அது அசையாமல் பச்சையாக எரிந்தால், உங்கள் பெட்டியும் கம்பெனியின் கருவியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன என்று அர்த்தம். 'லாஸ்' என்பதுதான் ஊரையே நடுங்க வைக்கும் அந்தச் சிவப்பு. அதற்கு ஒரே பொருள்தான்: வெளிச்சம் வந்து சேரவில்லை. முதலில் பச்சைத் தலை நழுவியிருக்கிறதா பாருங்கள். 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். வயர் எங்கேயாவது கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா பாருங்கள். சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். அப்படியும் சிவப்பு போகவில்லையா? குறை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் இருக்கும். வைகாசியில் கருட சேவை, தேர் என்று தெரு நிறைந்த மறுநாள் லாஸ் எரிந்தால், தலையைத் தூக்கித் தெருவின் குறுக்கே போகிற கம்பியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது போன் போடுங்கள். "அண்ணே, நெட் வரலை" என்று இல்லை. "அண்ணே, லாஸ் சிவப்பு. கனெக்டர் சரியாத்தான் இருக்கு, ஆஃப் பண்ணிப் போட்டும் பார்த்துட்டேன், வெளியிலதான் கட் போல" என்று சொல்லுங்கள். அவர் தேவையான கருவியோடு நேராகக் கம்பத்துக்குப் போய்விடுவார். அறுந்த கண்ணாடி இழையை உருக்கி ஒட்டுவது அவர் தொழில். அதற்கென்று எந்திரம் இருக்கிறது. அதில் நாம் கை வைக்கக் கூடாது, கம்பத்தில் ஏறவும் கூடாது. தன்னம்பிக்கை வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு.

பெட்டியின் பின்னால் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். 'ரீசெட்'. அவசரப்பட்டு அதைக் குத்திவிடாதீர்கள்! கம்பெனி பதித்து வைத்த யூசர் நேம் முதலான எல்லா அமைப்புகளும் அழிந்துவிடும். அப்புறம் நிஜமாகவே கேபிள்காரர் வந்தே ஆக வேண்டும்.

பெட்டியை எங்கே வைப்பது? பல வீடுகளில் அது பீரோ மேல், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. இரும்பும் பித்தளையும் வைஃபை அலையைத் தடுக்கும். நம் பழைய வீடுகளின் கனமான சுண்ணாம்புச் சுவர்களும் அப்படியே. வாசல் திண்ணைக்கு வயர் வந்தது என்பதற்காகப் பெட்டியையும் அங்கேயே விட்டுவிட்டு, பின்கட்டில் ஆன்லைன் வகுப்பு கேட்கிற பெண்ணுக்கு சிக்னல் இல்லை என்று புலம்பினால் எப்படி? கூடத்தில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். வைஃபையில் இரண்டு பெயர் தெரிந்தால், பெயரில் 5 என்று இருப்பது வேகம் அதிகம், தூரம் குறைவு. மற்றது சுவர் தாண்டும், வேகம் மட்டு. தறி ஒரு கட்டில், கூடம் ஒரு கட்டில் என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் என்றதும் இன்னொன்று. 100 எம்பிபிஎஸ் என்று விற்பது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால்தான் நாம் சொல்கிற எம்பி, நொடிக்கு 12.5. இது தெரியாமல் "ஏமாற்றுகிறான்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். தெரிந்துகொண்டு போனால் சண்டையில் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள்.

டெலிபோன் விஷயத்தை மட்டும் பெரியவர்கள் இருக்கிற வீட்டில் கவனியுங்கள். 'டெல்' என்று எழுதிய சின்ன ஓட்டையில் பழைய பட்டன் போனின் வயரைச் சொருகினாலே பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் அந்தக் காலத்துச் செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் டயல் டோன் கேட்கும். ஃபைபரில் அப்படி இல்லை. கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும், போனும் சேர்ந்து போய்விடும். ராத்திரி ஒரு மணிக்குத் தாத்தாவுக்கு நெஞ்சுவலி என்றால் அந்த போன் உதவாது. மோடத்துக்கென்றே சின்ன யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் குறித்துக்கொண்டு போய், அதற்கு ஏற்றதை வாங்குங்கள்.

புகார் கொடுத்தால் அதற்கான டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அலட்சியம் செய்தால், அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். 2012இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கொண்டுவந்த விதிமுறை தந்த உரிமை இது; கட்டணமும் கிடையாது. மாதாமாதம் பணம் கட்டுகிறவர் நீங்கள். கெஞ்ச வேண்டிய அவசியம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

அம்மா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "வீட்டுக்காரர் வரட்டும்", "பையன் வரட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். நாளெல்லாம் அந்தப் பெட்டியோடு வீட்டில் இருப்பது நீங்கள்.

இன்றைக்கே செய்யுங்கள். பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். அதில் இருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும், போனின் பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். இணைப்பு கொடுத்த நாளில் வைத்த அந்த 12345678ஐத் தூக்கிப் போட்டுவிட்டு உங்களுக்கென்று புது பாஸ்வேர்டு வையுங்கள். உங்கள் வைஃபையில் எவனோ செய்த தப்புக்கு விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும். புது பாஸ்வேர்டை, டாக்கெட் எண் எழுதுகிற நோட்டிலேயே எழுதி வையுங்கள். முடிந்ததும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, அவர் வீட்டுப் பெட்டியிலும் அவர் கையாலேயே செய்ய வையுங்கள்.