எதுக்குக் கீழ போனா பயம்?

2021 மே மாதம். மாமாவுக்குக் கொரோனா காய்ச்சல் கண்டு ஆறாம் நாள். போனில் பேசிய நர்ஸ், "சேச்சுரேஷன் பாத்துக்கிட்டே இருங்கம்மா" என்றார். அத்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார். அப்படியென்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை. "எதுக்குக் கீழ போனா பயம்? போனா நான் என்ன செய்யணும்?" என்று இரண்டே கேள்விதான் கேட்டார்.

"94க்குக் கீழ போனா உடனே கூட்டிட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் அப்பப்போ குப்புறப் படுக்க வைங்க."

நானோ கைபேசியில் பொருள் தேடிக்கொண்டிருந்தேன். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எவ்வளவு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்ற கணக்கு அது. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலைக் கடக்கும்போது எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்பதை வைத்து ஆக்சிமீட்டர் அதைக் கணிக்கிறது. எல்லாம் நன்றாகவே புரிந்தது.

அத்தை காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் நேரத்தையும் எண்ணையும் எழுத ஆரம்பித்தார். விரல் சில்லிட்டிருந்தால் எண் தப்பாக வருகிறது என்று நள்ளிரவுக்குள் தானே கண்டுகொண்டார். அதன்பிறகு மாமாவின் கையைத் தேய்த்துச் சூடேற்றிவிட்டுத்தான் கருவியை மாட்டினார். 96, 95, 95. விடியற்காலையில் 92. தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினார், அப்போதும் 92. மாமா கட்டிலில் உட்கார்ந்து காபி கேட்கிறார். மூச்சு வாங்கவில்லை, பேச்சும் தெளிவு. "நல்லாத்தானே இருக்கார், இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போமே" என்றேன். அத்தை அடுப்பை அணைத்துவிட்டுப் பையை எடுத்தார். ஆக்சிஜன் இறங்கியும் திணறல் வெளியே தெரியாமல் இருப்பது அந்த நோயின் குணம் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. பதினோரு நாள் கழித்து மாமா வீடு திரும்பினார்.

சொல்லின் பொருளை நான் அறிந்திருந்தேன். அது எதற்கு வந்த சொல் என்பது அத்தைக்குத்தான் தெரிந்திருந்தது.

இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 'ஸ்மோங்' என்று ஒரு சொல் உண்டு. 1907இல் வந்த பேரலைக்குப் பிறகு அங்கே பாட்டிகள் பேரக்குழந்தைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லி வளர்த்த சொல் அது. நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் 'சுனாமி' என்ற சொல்லைக் கேட்டதே அலை வந்து போன பிறகுதான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. கடலோடு பிறந்து வளர்ந்த மக்களுக்கு அந்த ஒரு சொல் முன்கூட்டியே கிடைக்காமல் போனதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

போன மாதம் அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் 'கிரியேட்டினின்' என்ற சொல்லைச் சுற்றி டாக்டர் ஒரு வட்டம் போட்டார். அடுத்த நோயாளி கதவருகே வந்து நின்றுவிட்டார். கைபேசியை எடுக்காமல், அத்தையின் இரண்டு கேள்விகளையும் கேட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "மூட்டு வலிக்குக் கடையில வாங்கிப் போடுற மாத்திரைய இன்னையோட நிறுத்திடுங்கம்மா" என்றார்.