அடி விழட்டும், திரும்பி வா!

“நான் பிறந்த இடம் சரியில்லை. எனக்குக் கைகொடுக்க ஆளில்லை.”

இந்தப் பல்லவியை இன்னும் எத்தனை நாள் பாடப் போகிறாய்?

மார்கழி இரவில் மொட்டைமாடிக்குப் போ. கிழக்கே ஓரியன் விண்மீன் கூட்டத்தின் மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குச் சற்றுத் தெற்கே மங்கலாக ஒரு திட்டு தெரிகிறதா?

அதுதான் ஓரியன் நெபுலா என்ற விண்வெளி வாயு மேகம்! சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது.

அதை ஒளிரவைப்பது தீட்டா ஒன் ஓரியானிஸ் சி என்ற விண்மீன். மேற்பரப்பு வெப்பம் கிட்டத்தட்ட 40,000 டிகிரி. நம் சூரியனுக்கே 5,500தான்!

இத்தனை அனல் எங்கே பிறந்தது தெரியுமா? மைனஸ் 250 டிகிரிக்கும் கீழே விறைத்துக் கிடந்த இருட்டு மேகத்தில்!

மேகம் தன் ஈர்ப்பாலேயே உள்நோக்கிச் சரிந்தது. சரியச் சரிய நெருக்கியது. நெருக்க நெருக்கச் சூடேறியது. நெருக்கடி இல்லாமல் விண்மீனே பிறப்பதில்லை. உனக்கு மட்டும் விலக்கா?

இன்னும் கேள். அந்த விண்மீனின் புற ஊதாக் கதிர் ஹைட்ரஜன் அணுவைத் தாக்குகிறது. ஒரே அடி! எலெக்ட்ரான் பிய்த்துக்கொண்டு பறக்கிறது.

அப்போதா ஒளி வருகிறது? இல்லை!

அலைந்து திரிந்த எலெக்ட்ரான் ஓர் அணுக்கருவோடு மறுபடி சேர்கிறது. ஆற்றல் நிலைகளில் படிப்படியாக இறங்குகிறது. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு வரும்போது பளிச்சென்று சிவப்பு ஒளி! அலைநீளம் 656 நானோமீட்டர். படங்களில் நெபுலா செக்கச்செவேலென்று இருப்பது இதனால்தான்.

அடி விழும்போது ஒளி இல்லை. திரும்பி வந்து சேரும்போதுதான் ஒளி!

தேர்வில் தோற்றாயா? போட்ட கடையை மூடினாயா? நேர்முகத்தில் நாக்குழறியதா? யார்தான் அடிபடவில்லை! திரும்பி வந்தாயா? அதைச் சொல்!

மறுபடி அடி விழுமே என்று பயமா? விழும்! அந்த அணுவையும் கதிர் விடுவதில்லை. மறுபடி பிய்க்கிறது. மறுபடி சேர்கிறது. மறுபடி ஒளிர்கிறது. ஓயாத இந்த மல்லுக்கட்டுதான் நெபுலாவின் வெளிச்சம்!

ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க மருத்துவரைப் பார். 1880இல் இந்த நெபுலாவை முதன்முதலாகப் படம்பிடித்தவர் அவர். நகரும் வானத்தைத் தொலைநோக்கியால் ஏறத்தாழ 50 நிமிடம் விடாமல் துரத்தினார். உலகிலேயே ஒரு நெபுலாவின் முதல் படம்! போதும் என்று உட்கார்ந்தாரா?

1882இல் மறுபடி துரத்தினார். இந்த முறை 137 நிமிடம்! முதல் படத்தில் சிக்காத மங்கலான பகுதிகளும் சிக்கின.

உன் முதல் முயற்சி மங்கலா? அடுத்ததை எடு! இன்னும் அதிக நேரம் நில்!

மூடிய புத்தகத்தைத் திற. நின்றுபோன வேலையைத் தொடு. எங்கே விட்டாயோ அங்கேயே போய் நில்.

நாளைக்கு அல்ல. இன்றைக்கே!