விலையை நீ சொல்லு!

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலும் பலாங்கொடைக்கும் இறக்குவானைக்கும் மேலே தேயிலை மலைகளிலும் எத்தனை கராஜுகள்! பெயர்ப்பலகைகூட இல்லாத அந்தத் தகரக் கொட்டகைகளில் லயத்துப் பிள்ளைகள் கிறீஸ் படிந்த கையோடு நிற்கிறார்கள். கிழட்டு லொறியின் கியர்பொக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார்கள். ஆனால் "இது யார் வேலை?" என்று வந்தவர் கேட்டால், "முதலாளிக்கிட்ட கேளுங்க" என்று தலையைக் குனிந்துகொள்வார்கள்.

தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். நிமிர்ந்து கேள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்த லண்டன். பெட்ரோலுக்குப் பங்கீடு. கொலின் சப்மன் என்ற மாணவன் படிப்புக்கு நடுவே பழைய கார் வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். பெட்ரோல் நெருக்கடியில் வியாபாரம் படுத்தது. ஒரு பழைய ஒஸ்டின் செவன் மட்டும் விலைபோகாமல் கையில் தங்கிவிட்டது. அவன் அழவில்லை. காதலி வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில் அதைத் தள்ளி நிறுத்தினான். பழைய பொடியைக் கழற்றி எறிந்தான். ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும் சேர்த்துப் புது உடல் கட்டினான். 1948இல் அது ஓடியது. அதற்கு அவன் வைத்த பெயர் லோட்டஸ்.

இன்னும் கேள். அந்தக் காரை அவன் பொத்திப் பொத்தி வைத்திருக்கவில்லை. 1950இல் விற்றுவிட்டான்! அது இன்று எங்கே இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் 1963இல் ஃபோர்முலா வன் தயாரிப்பாளர் பட்டம் அதே பெயரில் அவன் நடத்திய லோட்டஸ் கொம்பனிக்கு வந்தது. மொத்தம் 7 முறை வந்தது.

டெட்ரோயிட்டில் ஹென்றி ஃபோர்ட் 1896 ஜூன் 4ஆம் திகதி தன் முதல் வண்டியை முடித்தபோது, அது கொட்டகை வாசலுக்குள் அடங்கவில்லை. கோடரியை எடுத்துச் செங்கல் சுவரை இடித்து வெளியே கொண்டுவந்தார். சைக்கிள் சக்கரம், இரண்டே கியர், பின்னால் போக வழியே இல்லாத வண்டி அது. அதையும் 200 டொலருக்கு விற்றார். அடுத்த வண்டிக்குப் பணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் கதை என்று ஒதுக்காதே. கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டித்தான் பொறியியல் கற்றார்.

அந்த ஒஸ்டின் செவனும் உனக்கு அந்நியமில்லை. நம் நாட்டுப் பெரியவர்கள் பேபி ஒஸ்டின் என்பார்களே, அதுதான். 1922 முதல் 1939 வரை ஏறத்தாழ 2,90,000 கார்கள் செய்தார்கள். அதில் பொடி வேறு, சேஸி வேறு. பொடியைத் தூக்கிவிட்டாலும் எஞ்சினும் சக்கரமும் சேஸியோடு நிற்கும், ஓடும். அதனால்தான் கூரையும் கதவும் இல்லாத இரண்டு சீட் ஸ்பீட்ஸ்டராக அதை மாற்றி எழுப்ப, வீட்டுக் கொட்டகையும் வெல்டிங் பிளாண்டும் டின்கரிங் தெரிந்த இரண்டு கையும் போதும் என்று உலகமெங்கும் இளைஞர்கள் துணிந்தார்கள். உன்னிடம் இதில் எது இல்லை?

ஒன்று இல்லை. விலை சொல்லும் வாய் இல்லை!

எனக்கு அது புரிகிறது. ஏறத்தாழ இருநூறு வருடமாக நம் உழைப்புக்கு நாம் விலை சொன்னதே இல்லை. நாள் சம்பளத்தை வேறொருவர் தீர்மானித்தார். கொழுந்து நிறுக்கும் தராசை வேறொருவர் பிடித்தார். பெரட்டுக் களத்தில் பேரைச் சொன்னார்கள், போனோம். அந்தப் பழக்கம் இரத்தத்தில் ஊறி, சொந்தமாக ஒரு வண்டி கட்டியவனையும் "குடுக்கிறதைக் குடுங்க சேர்" என்று சொல்ல வைக்கிறது. இந்த வார்த்தையை இன்றோடு விடு! இரத்தினபுரிச் சந்தையில் சேற்றிலிருந்து எடுத்த கல்லை வைத்திருப்பவன் அப்படியா பேசுகிறான்? விரித்த தாளில் கல்லை வைத்து, எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இந்த நாட்டின் பழைய வண்டிகளை ஓடவைத்தது யார்? உன்னைப் போன்றவர்களின் ஸ்பேனர்!

ஆகவே கட்டு. கட்டியதை விற்பனைக்குப் போடு. விளம்பரத்தில் ஒன்றையும் மறைக்காதே. எது கொம்பனி தந்த பாகம், எது உன் கை செய்த பாகம் என்று பிரித்து எழுது. பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியோடு பொருந்த வேண்டும். உருவத்தை மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுச் சீர்செய்துகொள். பிறேக்கில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதே, இறக்குவானை வளைவுகள் யாரையும் மன்னிப்பதில்லை. செய்தவர் என்று உன் பெயரை எழுது. தோட்டத்தின் பெயரையும் எழுது, வெட்கப்படாதே. பாகத்துக்கு ஆன செலவைக் கூட்டு, இராத்திரிகளில் உழைத்த கூலியையும் கூட்டு. வந்த தொகையைக் கொட்டை எழுத்தில் போடு.

வருகிறவர் பாதி விலைக்குக் கேட்பார். கேட்கட்டும். பொனெட்டைத் திறந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணு. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு பேசச் சொல்லு.